இரண்டாவது கால்குலேட்டர்

போன் திரும்பி வந்தபோது நான் வாசலில் காயப்போட்டிருந்த காப்பிக்கொட்டையைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் ஜீப்பை வேலியோரம் நிறுத்திவிட்டு, சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி வந்தார். அவர் பெயர் வெள்ளையன். புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று என் மாமியார் சொல்லிவைத்திருக்கிறார். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. இரண்டு மூன்று நாளாக என் போன் ஏற்காடு பஜாரில் ஒரு கடையில் கிடந்தது. அத்தனை நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் இல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். நினைக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

"இந்தா புள்ள, பத்திரமாக் கொண்டாந்துட்டேன். உன்ற போட்டோ, நம்பரு, பள்ளிக்கோடத்து மெசேஜு, ஒண்ணுகூடப் போகலை. வேணும்னா எண்ணிப் பாத்துக்க."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினேன். அதே போன்தான். என் மகள் மோனிஷா கீழே போட்டு மூலையில் விழுந்த விரிசல், பின் மூடி கழன்று விழாமல் இருக்க நான் போட்ட ரப்பர் பேண்டு, எல்லாம் அப்படியே இருந்தன. திறந்தேன். பூட்டப்பட்ட கடைக்குள் யாரோ புகுந்து பெருக்கிவிட்டுப் போனதைப் போல ஆப் படங்கள் எல்லாம் ஒழுங்காக வரிசையில் நின்றன. பக்கத்தைத் தள்ளினேன். இன்னொரு பக்கம் தள்ளினேன். போனோடு வந்த கறுப்புக் கால்குலேட்டர் இருந்தது. நீலக் கால்குலேட்டரைக் காணோம்.

மறுபடி முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். காணோம். காலுக்கடியில் காப்பிக்கொட்டை உருண்டது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், நல்ல பேர் வாங்கக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி.

"நல்லாருக்குதுங்க" என்றேன்.

அதற்குள் மோனிஷா ஓடிவந்து போனைப் பிடுங்கினாள். அவளுக்கு வயது ஆறு. அவள் ஆடிக்கொண்டிருந்த பழ வெட்டு விளையாட்டு போய்விட்டதாம், அவள் சேர்த்துவைத்திருந்த நட்சத்திரமெல்லாம் போய்விட்டதாம். காப்பிக்கொட்டை மேலேயே தொப்பென்று உட்கார்ந்து, "என்றது போச்சு, என்றது போச்சு" என்று கால் இரண்டையும் உதைத்துக்கொண்டு கத்தினாள். பக்கத்துத் தோட்டத்தில் மிளகு பறிக்கிறவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினாள். மற்ற நாளாக இருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன். அன்றைக்கு அவளைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. எவ்வளவு தாராளமாக அழுகிறாள் பாருங்கள். என்ன போச்சு என்று சொல்லி அழ முடிகிறதே அவளால்.

நான் சொல்கிறேன் என்ன போனது என்று. அந்த நீலக் கால்குலேட்டர் கணக்குப் போடுகிற கால்குலேட்டர் அல்ல. பார்த்தால் அப்படித்தான் இருக்கும். இரண்டும் மூன்றும் கூட்டச் சொன்னால் ஐந்து என்று காட்டவும் செய்யும். ஆனால் நாம் முன்பே சொல்லிவைத்த ஓர் எண்ணைத் தட்டிச் சமக்குறியை அழுத்தினால் அது திறந்துகொள்ளும். உள்ளே படம் வைக்கலாம். வெளியே போட்டோக்கள் இருக்கும் இடத்தில் அவை தெரியவே தெரியாது. நான் ஏற்காட்டில் அறை துடைக்கிற லாட்ஜில் அப்போது ஐஸ்வர்யா என்று ஒரு சேலத்துப் பெண் வரவேற்பில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு பையன் மேல் ஆசை. அவன் படங்களை எல்லாம் இதற்குள்தான் போட்டு வைத்திருந்தாள். "எங்கம்மா போனைப் புடுங்கிப் பாத்தாக்கூட, பரவால்லியே புள்ள கணக்குப் போடுதுன்னு நெனச்சுக்கும்க்கா" என்று சொல்லிச் சிரிப்பாள். நான் முதல் பிள்ளை உண்டாகியிருந்த சமயம் அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த இந்தப் போனிலும் அதை ஏற்றிவிட்டாள். எனக்கென்னடி ரகசியம் என்று அவளை வைதேன்.

முதல் பிள்ளை என்றேன் அல்லவா. மோனிஷா இரண்டாவது.

முதலாவதும் பெண்தான். ஆடி மழை விடாமல் பெய்த வருஷம், சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்தாள். அவரிடம் அவளைக் கொடுத்துவிட்டு, எங்கள் போனை வாங்கி ஒரு நர்ஸம்மா படம் எடுத்தார். எடுத்தாரா இல்லையா என்று சந்தேகம் வந்து இன்னொரு முறை அழுத்தினார். அதனால் ஒரே படம் இரண்டாக விழுந்தது. உடைந்துவிடுமோ என்று பயந்து ஒரு கண்ணாடிச் சாமானைப் பிடித்திருப்பதைப் போல, தோளைத் தூக்கிக்கொண்டு, அவர் அவளை வைத்திருப்பார். சிரிக்கவும் மறந்திருப்பார். வீட்டுக்கு வந்ததும் மாமியார் முதலில் சொன்னது, முப்பது நாள் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் பிள்ளையைப் படம் பிடிக்கக் கூடாது, கண்ணு படும் என்று. என் வீட்டுக்காரர் போனை அலமாரிக்கு மேல் தூக்கி வைத்துவிட்டார். நான் கேட்கவில்லை. மாமியார் தண்ணீருக்குப் போகும்போதும் மாட்டுக்குப் போகும்போதும் போனை இறக்கிப் படம் பிடித்தேன். தூங்குகிற படம், கொட்டாவி விடுகிற படம், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியதும் தலை மயிர் நெட்டுக்குத்தலாக நிற்கிற படம். ஒரு சின்ன வீடியோ உண்டு. அதில் அவளுக்கு விக்கல். ஒவ்வொரு விக்கலுக்கும் அவளே திடுக்கிட்டுப் போவாள். கூரையில் மழை கொட்டும். வெளியிலிருந்து அவர் "ஏம்புள்ள, சோறு ஆச்சா?" என்று கேட்பது கடைசியில் விழுந்திருக்கும். எல்லாவற்றையும் நீலக் கால்குலேட்டருக்குள் போட்டேன். நர்ஸம்மா எடுத்த இரண்டில் ஒன்றையும் உள்ளே தள்ளினேன். எண்ணாக அவள் பிறந்த தேதியை வைத்தேன். தேதி, மாதம், வருஷம், பிறகு சமக்குறி. ஆசை, வேறென்ன. முப்பது கழிந்ததும் எடுத்து எல்லோருக்கும் காட்டலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முப்பது வரவில்லை. அதற்கு முன்பே காய்ச்சல் கண்டது. மலையிறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை அடித்துக்கொண்டே ஓட்டினார். பாதி வழியில் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் ஹாரன் அடிக்கவில்லை.

எங்களில் பல் முளைக்காத பிள்ளைக்குப் படையல் கிடையாது, படம் கிடையாது. அதன் சாமான் எதுவும் வீட்டில் தங்கக் கூடாது. தங்கினால் அடுத்த பிள்ளையை அது விளையாடக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் என்பார்கள். தூளிச் சேலை, கருவளை, பாலாடை எல்லாம் அவளோடேயே மண்ணுக்குப் போயின. கருமாதி மாதிரி ஒன்றும் இல்லாததால் ஆளாளுக்கு வந்து உட்கார்ந்துவிட்டு எழுந்து போனார்கள். பெரியண்ணன் என்கிற அவருடைய பெரியப்பாதான் கடைசியாகக் கிளம்பினார். கிளம்புகிறவர் வாசலில் நின்று, "போன்ல எதாச்சும் இருந்தா அதையும் எடுத்துப்போடு சாமி. அடுத்தது தங்கோணும்ல" என்றார். கெட்ட மனசோடு சொன்னதில்லை. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் அலமாரி மேலிருந்து போனை எடுத்தார், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அழிக்கட்டுமா என்று அது கேட்டிருக்கும். அழித்தார். போனைத் திரும்ப மேலே வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

ஒரு தடவை என் முகத்தைப் பார்த்திருக்கலாம். இதை அழிக்கட்டுமா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இவ்வளவு சுளுவாக எப்படி ஒரு மனுஷன் அழித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறான் என்று எட்டு வருஷமாக உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். மற்றபடி நல்லவர்தான். குடி கிடையாது, கை நீட்ட மாட்டார். ஆனாலும் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுகூட அந்த முதுகு என் கண்ணில் வரும். என்னிடம் இருப்பதை அவரிடம் சொல்லலாம் என்று தோன்றும். உடனே அந்த முதுகு வந்து குறுக்கே நிற்கும். அது மட்டுமா? நான் படம் பிடித்தேன் என்று தெரிந்தால், அதனால்தான் போனாள் என்று யாராவது வாய் திறந்து சொல்லிவிட்டால்? எனக்கே அந்தச் சந்தேகம் இருக்கும்போது ஊர் வாயை எப்படி மூடுவது? மோனிஷாவுக்குக் காய்ச்சல் அடிக்கும்போதெல்லாம் அந்தப் படங்களை அழித்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோவேன். விரல் போகும், திரும்பி வந்துவிடும். வீட்டில் அதைத் திறக்கவே மாட்டேன். லாட்ஜில் அறையைத் துடைத்து, விரிப்பை மாற்றி, கதவைச் சாத்திக்கொண்டு, கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்து பார்ப்பேன். அப்புறம் நான் உட்கார்ந்த சுருக்கத்தை நீவிவிட்டு அடுத்த அறைக்குப் போவேன்.

அவருக்குப் புதுப் போன் வந்ததும் இந்தப் பழசு எனக்கென்று ஆனது. இந்த வருஷம் அது படுத்தியது. பள்ளிக்கூடத்து ஆப் ஏறவில்லை, பழைய ஆண்ட்ராய்டு என்றது. கடையில் கொடுத்துப் புதுசாக்கிக் கொண்டுவருகிறேன் என்று அவர் தை பிறந்ததிலிருந்து நச்சரித்தார். வேண்டாமுங்க, எனக்கு இதே போதும் என்றேன். கேட்டால்தானே. நான் சார்ஜில் போட்டுவிட்டு மிளகுக்குப் போயிருந்த நேரம் பார்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கடைக்காரன் நோண்டிப் பார்த்து, கண்டுபிடித்து, இவரிடம் காட்டிவிடுவானோ என்றுதான் நான் அத்தனை நாளும் செத்துக்கொண்டிருந்தேன். தெரிந்துவிடும் என்று பயந்தேனே ஒழிய, தொலைந்துவிடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எவ்வளவு மடச்சி பாருங்கள்.

மறுநாள் லாட்ஜில் முதல் அறைக்குள் போனதும் கதவைச் சாத்தினேன். கறுப்புக் கால்குலேட்டரைத் திறந்தேன். தெரிந்தேதான் செய்தேன். அவள் பிறந்த தேதியைத் தட்டிச் சமக்குறியை அழுத்தினேன். எண் அப்படியே நின்றது. அழுகை வரவில்லை. அறையைத் துடைக்காமலே வெளியே வந்து, மேனேஜரிடம் தலைவலி மாத்திரை வாங்கி வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் பஜாருக்கு இறங்கினேன்.

கடைக்காரர் பெயர் தமிழ்செல்வன். சேலத்திலிருந்து வந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை போட்டிருக்கிறார். வாயும் கையும் ஒன்றாக ஓடுகிற ஆள். போனைக் கண்டதும் என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"வாங்க்கா. ஸ்லோவா இருக்குதுன்னுதானே வந்தீங்க? அது அப்படித்தானுங்க இருக்கும். பழைய சாப்ட்வேரையே திருப்பிப் போட்டுட்டமுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புதுசாக்குகிறேன் என்று எடுத்துப்போன போன், முன்பு எப்படி இழுத்துக்கொண்டிருந்ததோ அப்படியேதான் இழுத்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்து ஆப்பும் ஏறியிருக்கவில்லை.

"புதுசு போடறதுக்குத்தானே குடுத்தாரு?"

"யாருங்க சொன்னது? அண்ணன் கேட்டது ரூட் பண்ணிக் குடுக்கச் சொல்லி" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "ரூட்டுன்னா வாடகைக்கு இருக்கற ஊட்டுக்கு நாமளே ஓனர் ஆவற மாதிரிங்க்கா. கம்பெனிக்காரன் நம்மள நுழைய உடாத ரூமுக்கெல்லாம் போலாம். ஆனா அதுக்கு அவன் போட்ட பூட்டைத் தொறக்கோணும். தொறந்தா உள்ள இருக்கறது அத்தனையும் தொடச்சுட்டுப் போயிரும். அதனால மொதல்ல சாமானெல்லாம் வெளிய எடுத்து வெச்சுட்டோம். போட்டோ, நம்பரு, மெசேஜு எல்லாம் என்ற கம்ப்யூட்டர்ல பத்திரமா ஏத்திட்டுத்தானுங்க பூட்டுல கைய வெச்சேன். நான் அந்த மாதிரி அவசரக்காரன் கெடையாதுங்க."

"அந்த ரூமுக்குள்ள போயி இவருக்கு என்ன வேணும்?"

அவர் கையிலிருந்த சின்ன ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டார்.

"அண்ணன் உங்ககிட்டச் சொல்லலீங்களா? எதோ பழைய போட்டோவாமா. எப்பவோ அவரே அழிச்சுப்போட்டாராமா. கொழந்தையத் தூக்கி வெச்சிருக்கற போட்டோன்னாரு. போன மாசம் அவர் போனுக்குக் கண்ணாடி மாத்த வந்தப்ப, அழிச்சதை எடுக்க முடியுமான்னு கேட்டாருங்க. ரூட் பண்ணுனா ஆழமாத் தோண்டிப் பாக்கலாம், வந்தா வரும், கேரண்டி இல்லீங்கன்னேன். அன்னைக்கிருந்து ரெண்டு நாளைக்கொருக்கா வந்து நின்னாருங்க. நொம்பக் கெஞ்சினாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு."

"வந்துச்சுங்களா?"

"இல்லீங்க்கா. நாள் நொம்ப ஆயிருச்சு. நகம் அளவுக்குத் துண்டு துண்டா எதேதோ வந்துச்சு. ஒண்ணுல ஒரு துணி தெரிஞ்சுது, ஆஸ்பத்திரிப் பச்சைத் துணி மாதிரி. அதையே பாத்துட்டு உக்காந்திருந்தாருங்க, நான் கடை சாத்தற வரைக்கும். அப்பறம் ரூட் பண்ணுன போன்ல பேங்க் ஆப் ஓடாதுங்க, அதனால கம்பெனி சாப்ட்வேரையே போட்டு, பூட்டையும் பழையபடி பூட்டி, சாமானெல்லாம் இருந்த இடத்துலயே வெச்சுட்டோம்."

நான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். "இதுல ரெண்டு கால்குலேட்டர் இருந்துச்சுங்களே?"

தமிழ்செல்வன் சிரித்தார். "ஆமாங்க்கா! நான்தான் அண்ணன்கிட்டக் கேட்டேன், ஒரு போனுக்கு எதுக்குங்க ரெண்டு கால்குலேட்டரு, அதையும் ஏத்தோணுமான்னு. அதுக்கு அண்ணன், 'எங்கூட்டுக்காரி கணக்குல புலி, ஒண்ணு பத்தாதுன்னு ரெண்டு வெச்சிருக்கா, ஒண்ணே போதும் உடுங்க'ன்னாரு."

ஸ்டூலிலிருந்து எழுந்தேன். போதும் உடுங்க என்று சொல்கிற அவர் குரல்கூட எனக்குக் கேட்டது. வேறு எதாவது வேண்டுமா என்று தமிழ்செல்வன் பின்னாலிருந்து கேட்டார். அவர் மேல் என்ன தப்பு? எடுத்து வைக்கச் சொன்னதையெல்லாம் எடுத்து வைத்தார். ஐஸ்வர்யா இருந்தாலாவது, உள்ளே போட்ட படங்களை மீட்க வழி உண்டா என்று கேட்டிருக்கலாம். அவள் கல்யாணமாகி எங்கேயோ போய்விட்டாள். அவளிடம் என் பிள்ளை படம் ஒன்றுகூடக் கிடையாது. நான் ஒருத்தருக்கும் அனுப்பியதில்லையே.

சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து என்னென்னவோ நினைத்தேன். முதலில் கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, மேகலா, அந்தப் படத்தை எடுக்கலாம்னு பாக்கறேன் என்று சொல்லியிருந்தால், எடுக்க வேண்டாமுங்க, இதோ இருக்குது என்று கையில் கொடுத்திருப்பேனே. எதைத் தேடி அத்தனை நாள் கடையில் போய் நின்றாரோ, அந்தப் படம், நர்ஸம்மா இரண்டாம் முறை அழுத்திய அதே படம், அவர் கையிலேயே இருந்ததே. அப்புறம் அந்தக் கோபம் என் பக்கமே திரும்பியது. அவர் சொல்லவில்லை சரி, நீ எத்தனை வருஷம் சொல்லாமல் இருந்தாய்? முதுகைப் பார்த்தே எட்டு வருஷம் கறுவினாயே, எழுந்து அந்தப் பக்கம் போய் ஒரு தடவை முகத்தைப் பார்த்திருக்கலாம் அல்லவா? மாட்டுத் தொட்டியடியில் நின்று அவர் அழுதாரோ என்னவோ. யாருக்குத் தெரியும்? நான் போய்ப் பார்க்கவில்லை.

கொட்டச்சேடு நிறுத்தம் வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்தேன். சொல்லக் கூடாது. அவர் தேடினார், கிடைக்கவில்லை, அந்த மட்டில் அவருக்குத் துக்கம். தன் கையாலேயே இரண்டாவது தடவையும் அழித்தேன் என்று தெரிந்தால் அந்த மனுஷன் என்ன ஆவார்? இத்தனை வருஷம் நான் தனியாக வைத்திருந்தேன். இனிமேல் இல்லாததையும் தனியாகவே வைத்துக்கொள்கிறேன். அது என்னால் முடியும் என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. பனி இறங்கத் தொடங்கியிருந்ததால் அவர் காப்பிக்கொட்டையைக் குவித்துக்கொண்டிருந்தார். நான் பையை வைத்துவிட்டுத் தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்தேன். இரண்டு பேருமாகக் குவியலை மூடி, காற்றில் தூக்காமல் ஓரத்தில் கல் வைத்தோம். மோனிஷா வேலிக்கருகில் தனக்குத்தானே பேசிக்கொண்டு ஆரஞ்சுத் தோலைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் தன் போனில் அந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது, முகத்தில் நேற்றைய அழுகை இல்லை. அவர் குவியலுக்குப் பக்கத்தில் குந்தினார். நானும் உட்கார்ந்தேன். உள்ளங்கையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"போனு நல்லா ஓடுதா புள்ள?"

"ஓடுதுங்க."

"எதாச்சும் கொறையா இருந்தாச் சொல்லு. அந்தத் தம்பி நல்ல தம்பி. பாத்துக் குடுப்பான்."

இல்லீங்க, ஒண்ணும் குறை இல்லீங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பஸ்ஸில் எத்தனை தடவை சொல்லிப் பார்த்தது. ஆனால் அவர் என்னைப் பார்க்காமல் அந்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கவாட்டில் அவர் முகம் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கொஞ்ச நாளாகவே அப்படித்தான் இருந்திருக்கும். நான்தான் கவனிக்கவில்லை.

"ஒரு கால்குலேட்டரைக் காணோமுங்க" என்றேன்.

"அட, அதுவா!" சிரித்துவிட்டார். "ஒண்ணு இருக்குதுல்ல, அப்பறம் ரெண்டு எதுக்கு? உனக்கு அத்தனை என்ன கணக்கு?"

போனை எடுத்தேன். கறுப்பு ஒன்றைத் திறந்து, எண்ணைத் தட்டி, அவர் கையில் கொடுத்தேன். அது தன் வழக்கப்படி இடையிடையே காற்புள்ளி போட்டுக்கொண்டது. அவர் கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, காப்பி எடைச் சீட்டைப் படிப்பதைப் போல உரக்கப் படித்தார்.

"ஒரு கோடியே... நாப்பது லட்சத்து... எம்பத்தி ரெண்டாயிரத்து... அடி ஆத்தா, ஆருக்குப் புள்ள இத்தனை கோடி?" என்று கேட்டுக்கொண்டே கடைசிக்கு வந்தார். "பதினேழு" என்றார். சிரிப்பு முகத்திலேயே இருந்தது. குரல் மட்டும் இறங்கிவிட்டது. உதடு அசைய மறுபடி முதலிலிருந்து படித்தார். இந்த முறை காற்புள்ளியை விட்டுவிட்டுப் படித்தார். பதினாலு. எட்டு. அப்புறம் அந்த வருஷம்.

"அந்த இன்னொண்ணுல இதைப் போட்டு, சமம் அமுத்துனா, உள்ள தொறக்குமுங்க" என்றேன். "நர்ஸம்மா ரெண்டு தடவ அமுத்துனாங்கல்ல."

சொன்ன மறுநிமிஷம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சொல்லியிருந்தால் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாகிற வரைக்கும் சொல்லியிருக்கக் கூடாது. இரண்டையும் விட்டுவிட்டு, இருப்பதிலேயே கெட்ட நாளாகப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அவர் பக்கத்தில் நகர்ந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை விலக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. வேலிக்கருகிலிருந்து மோனிஷா, "அப்பா, இங்க வந்து பாரேன்" என்று கூப்பிட்டாள். அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

பனி தார்ப்பாய் வரைக்கும் வந்துவிட்டது. திரை மங்கியபோது அவர் அதைத் தொட்டு மறுபடி வெளிச்சமாக்கினார். தோளைத் தூக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் போனைப் பிடித்திருந்தார். காப்பித் தூசி அப்பிய கட்டைவிரலைச் சமக்குறிக்கு மேல் கொண்டுபோய் அழுத்தினார். எண் அப்படியே நின்றது. விரலை வேட்டியில் நன்றாகத் துடைத்துவிட்டு, இன்னும் ஒரு தடவை அழுத்தினார்.